உள்ளை விட்டு அடிப்பாங்கள்

எங்கள் வீட்டில் உக்ரைன்காரி ஒருத்தி வந்து இருந்தாள் என்று சொன்னால், சனம் உடனே "நல்ல மனசு உங்களுக்கு" என்கிறது. மனசும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. மோர்ட்கேஜ் புதுப்பிக்கிற வருஷம் வட்டி ஏறிப்போய்க் கிடந்தது. காஸ் பில் வந்தால் உறையைக் கிழிக்கவே பயம். மகன் யுனிவர்சிட்டிக்குப் போய்விட்டதால் அவன் அறை சும்மா கிடந்தது. சண்டைக்கு ஓடி வந்த ஆட்களை வீட்டில் வைத்திருந்தால் கவுன்சில் மாதாமாதம் ஒரு தொகை தருகிறது என்று இவர் எங்கேயோ கேள்விப்பட்டு வந்தார். இவர் என்றால் என் மனுசன். காஷ் அண்ட் கரி என்கிற மொத்தக் கடைக்கு வான் ஓடுகிறவர். லண்டனில் தோர்ண்டன் ஹீத்திலிருந்து சட்டன் வரைக்கும் தமிழ்க் கடைகளுக்குச் சாமான் இறக்குகிறவர். "அந்தச் சண்டையாலைதானே எங்கடை பில் ஏறினது, அந்தச் சண்டையே கட்டட்டும்" என்று ஒரு பகிடியும் விட்டார். நான் ஓம் என்றேன்.

வந்தவளுக்கு என்னைவிடப் பத்து வயது குறைவு இருக்கும். கல்யாணம் கட்டிப் பிரிந்தவள், பிள்ளைகள் இல்லை. ஊரில் பள்ளிக்கூடத்தில் கணக்குப் படிப்பித்தவளுக்கு இங்கே ஒரு ஹோட்டலில் கட்டில் விரிக்கிற வேலை கிடைத்தது. அவளுடைய இங்கிலீசும் என்னுடைய இங்கிலீசும் ஏறக்குறைய ஒரே உயரம், அதனால் ஒருவர் சொல்வது மற்றவருக்கு நன்றாகவே விளங்கியது. சத்தம் போடமாட்டாள். குளித்தால் தரையைத் துடைத்துவிட்டுத்தான் வருவாள். குறை சொல்ல ஒன்றும் இல்லாத பெட்டை. அதுவும் எனக்கு எரிச்சலாக இருந்தது.

வந்த முதல் கிழமையே எனக்கு அந்த எரிச்சல் தொடங்கிவிட்டது. பக்கத்து வீட்டு வெள்ளைக்காரி இத்தனை வருஷமாக எங்களோடு கதைத்ததெல்லாம் குப்பைத் தொட்டியைப் பற்றித்தான். அந்த மனுசி ஒரு கேக்கைச் செய்து எடுத்துக்கொண்டு வந்து கதவைத் தட்டினாள், எனக்கில்லை, அவளுக்கு. யாரோ ஒரு நல்ல கம்பளிக் கோட் கொண்டுவந்து கொடுத்தார்கள். நான் வேலை செய்கிற பள்ளிக்கூடச் சமையலறையில், என் ஊரை ஒருநாளும் கேட்டிராத சூப்பர்வைசர், "உன்ரை வீட்டிலை இருக்கிற அந்தப் பாவம் எப்படி இருக்கிறாள்?" என்று ஒவ்வொரு திங்களும் விசாரித்தாள். கவுன்சில் கட்டடத்தில் அவர்களுடைய கொடி பறந்தது. சன்னல்களில்கூடக் கட்டியிருந்தார்கள்.

நான் இந்த நாட்டில் வந்து இறங்கினபோது ஒரு அறைக்குள் வைத்து வந்த வழியைத் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அகதி விண்ணப்பத்துக்கு முடிவு வருவதற்குள் ஒரு பிள்ளை பெற்று அவனைப் பள்ளிக்கூடத்துக்கும் அனுப்பிவிட்டேன். வன்னியில் எங்கள் சண்டை முடிகிற காலத்தில், இங்கே ரோட்டை மறித்து நின்று கத்தினது நாங்கள் மட்டும்தான். பஸ்ஸுக்குள் இருந்த சனம் வேலைக்குப் பிந்துகிறது என்று எங்களை முறைத்துப் பார்த்தது. இவளுக்கோ நாட்டுக்குள் வர அனுமதி கிழமைக்கணக்கில் கிடைத்தது. அது அவள் குற்றம் இல்லை என்று எனக்குத் தெரியாதா என்ன. தெரிந்தும் வயிறு எரிந்தது.

இதெல்லாம்கூடப் பரவாயில்லை. அவளுக்கு ஒரு அம்மா இருந்தார்.

தாய் இருந்தது அவர்கள் நாட்டின் கிழக்குப் பக்கத்து ஊர் ஒன்றில். சண்டைக் கோடு அந்த ஊரை நோக்கி மெல்ல மெல்ல நகர்ந்துகொண்டிருந்தது. ஆட்களை வெளியே எடுக்க வான்கள் வந்து போயின. தாய் ஏறமாட்டேன் என்றார். வீடு இருக்கிறது, பின்வளவில் உருளைக்கிழங்கு இருக்கிறது, கோழிகள் இருக்கின்றன, விட்டுவிட்டு வந்தால் வருகிறவன் எவனோ உள்ளே ஏறிக் குந்திவிடுவான் என்று ஒரே பிடி. பென்ஷன் கொண்டுவருகிற தபால் வண்டி நின்றுபோனது. கடைகள் பூட்டிவிட்டன. முட்டையைக் கொடுத்துப் பாண் வாங்குவதாகச் சொன்னார். ஓடுகிற சனத்தின் வீடுகளை அரைவிலை கால்விலைக்கு வாங்க ஒருவன் திரிகிறான், அவனை விளக்குமாற்றால் துரத்தினேன் என்று பெருமையாகச் சொன்னாராம். வெளியே வருகிற ரோட்டும் மறிபடுவதற்குள் தாயை எப்படியாவது எடுத்துவிட வேண்டும். அவளுக்கு அந்த ஒரு யோசனைதான். கட்டில் விரிக்கும்போதும் அதைத்தான் யோசிப்பதாகச் சொன்னாள்.

சனிக்கிழமைகளில் தாய் எங்கேயோ போய் போனைச் சார்ஜ் பண்ணிக்கொண்டு எடுப்பார். என் குசினி மேசையில் போனை வைத்துவிட்டு இவள் கீரை ஆய்வாள். அந்தப் பக்கமிருந்து தாய் பேசுகிற பேச்சு இருக்கிறதே, சொல் ஒன்றும் விளங்காவிட்டாலும் எனக்கு எல்லாம் விளங்கும். மெலிந்துபோனாய், தலையை ஏன் வெட்டினாய், ஒழுங்காகச் சாப்பிடுகிறாயா, உன் அப்பன் மாதிரியே சொல்வழி கேட்கமாட்டாய். இவள் கண்ணை மேலே உருட்டுவாள். நான் வெங்காயம் உரிக்கிற சாட்டில் அங்கேயே நிற்பேன். அந்தக் குரலுக்காக நின்றேன். பிறகு அந்தக் குரல் எனக்கில்லை என்று அறைக்குள் போய் உடுப்பு மடித்தேன்.

இதற்குள் என் மனுசன் வேறு. எங்கள் சண்டை முடிந்த பிறகு சண்டையைப் பற்றி வாயே திறக்காத மனுசன். நியூஸில் எந்த நாட்டுச் சண்டை வந்தாலும் சனலை மாற்றுவார். இவள் வந்த பிறகு ஆள் மாறிப்போனார். வேலையால் வந்து கை கழுவினதும் மேசைக்கு வந்துவிடுவார். அவளுடைய போனில் ஒரு மேப் இருந்தது. எதிரியிடம் பிடிபட்ட இடம் சிவப்பு. யாருடையது என்று முடிவாகாத இடம் சாம்பல் நிறம். இரண்டு பேரும் தலையைத் தலையோடு வைத்துக்கொண்டு அதை விரலால் பெரிதாக்கிப் பார்ப்பார்கள். "இந்தப் பாலத்தை விட்டால் சாமான் போற வழி போச்சு," "இந்த மேட்டை விடமாட்டாங்கள்" என்று இவர் பாடம் எடுப்பார். நடுவில் எழும்பி அவளுக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுப்பார். எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தந்த நாள் எனக்கு ஞாபகமில்லை.

அவளில் இவருக்குக் கண் என்று நான் நினைக்கவில்லை. அப்படி என்றால் சமாளித்திருப்பேன். அதற்கெல்லாம் என்னிடம் வாய் இருக்கிறது. என் சண்டையை மூடிக் கட்டி வைத்த மனுசன் அவளுடைய சண்டைக்கு இப்படி மலர்ந்துபோய் இருக்கிறாரே என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அதற்குக் காரணம் உண்டு. எங்கள் சண்டையின் கடைசிக் காலத்தில் என் அம்மா வன்னியில் இருந்தார். ஊர் ஊராக அரசாங்கத்து ஆமி பிடித்துக்கொண்டு வந்தது. அந்த நேரம் லண்டனில் இருந்த எங்கள் ஆம்பிளைகள் எல்லாரும் ஒரே வசனம்தான் சொன்னார்கள்: "உள்ளை விட்டு அடிப்பாங்கள்." பொடியள், அதாவது எங்கள் இயக்கம், ஊர்களை விட்டுக்கொண்டு போவது தந்திரம், ஆமியை நல்லா உள்ளுக்கு வரவிட்டுச் சுற்றிவளைத்து அடிக்கப் போகிறார்கள் என்று அர்த்தம். ஒரு ஊர் போனால் அதைச் சொன்னார்கள். அடுத்த ஊர் போனாலும் அதைத்தான் சொன்னார்கள். கோயிலில், கடையில், கலியாண வீட்டில், எங்கே போனாலும் அந்த வசனம்தான். நானும் நம்பினேன். நம்பாமல் எப்படி நித்திரை கொள்வது?

தொடக்கத்தில் அம்மாவுக்கு ஒரு வழி இருந்தது. வயது போனவர், வருத்தக்காரி என்று பொடியளிடம் பாஸ் எடுத்து, சண்டைக்கு வெளியே வவுனியாப் பக்கம் வந்திருக்கலாம். ஒருநாள் போனில் தேங்காய் விலையைச் சொல்லி, அரிசிக்கும் பால்மாப் பெட்டிக்கும் ஒரு காப்பை விற்றதைச் சொல்லி, கடைசியில் "நான் வெளிக்கிடவோ, இருக்கவோ பிள்ளை?" என்று கேட்டார். நான் பதில் சொல்லும் முன் இவர் போனை வாங்கினார். "பயப்பிடாதேங்கோ, இருங்கோ. உள்ளை விட்டு அடிக்கப் போறாங்கள். காணியை விட்டிட்டு வெளிக்கிட்டா பிறகு திருப்பி எடுக்கேலாது" என்றார். அம்மா இருந்தார். அதற்குப் பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். சண்டை முடிந்த கடற்கரையில் அம்மாவைக் கடைசியாகக் கண்டதாக ஒரு சனம் சொன்னது. அதைப் பற்றி நானும் இவரும் ஒருநாளும் கதைத்ததில்லை.

அன்றைக்கு ஒரு வெள்ளிக்கிழமை, பின்னேரம். புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் மேசையில் வைத்திருந்தேன். இவள் வேலையால் வந்து கோட்டைக்கூடக் கழற்றாமல் போனை நீட்டினாள். பக்கத்துக் கிராமத்தை விட்டு அவர்களுடைய ஆமி பின்வாங்கிவிட்டது. தாயின் தெரு சாம்பல் நிறத்துக்குள் வந்துவிட்டது. இவர் போனை வாங்கிப் பார்த்தார், விரலால் பெரிதாக்கினார், குழம்பைப் புட்டில் ஊற்றிக்கொண்டே இங்கிலீசில் சொன்னார்.

"பயப்படாதே. இது தந்திரம். அவர்களை உள்ளே விட்டுத்தான் அடிக்கப் போகிறார்கள்."

அவள் முகம் அப்படியே தெளிந்தது. "அப்படியா நினைக்கிறீர்கள்? அப்படியென்றால் அம்மா அங்கேயே இருக்கலாமா?"

"இருக்கட்டும்," என்றார். "வெளியே வந்தால் வீடு போய்விடும். கொஞ்ச நாளில் எல்லாவற்றையும் திருப்பிப் பிடித்துவிடுவார்கள்."

அதே வசனம், அதே குரல். பாஷை மட்டும் வேறு. அவளின் தாயைக் காப்பாற்ற வேண்டும் என்ற நல்ல எண்ணத்தில் நான் வாய் திறந்தேன் என்று சொன்னால் அது பொய். என் அம்மாவை விழுங்கின அந்த வசனத்தை இவ்வளவு பரிவாக அவளுக்குப் பரிமாறுகிறாரே என்ற வயித்தெரிச்சலில்தான் திறந்தேன்.

"என்ரை அம்மாவுக்குச் சொன்னதை இவளின்ரை அம்மாவுக்குச் சொல்லாதேங்கோ," என்றேன் தமிழில்.

இவர் நிமிர்ந்து பார்த்தார். "இப்ப என்னத்துக்கு உந்தக் கதை?"

"இப்ப இல்லாமல் எப்ப? அண்டைக்கும் உதே வாய்தான்."

"எல்லாரும்தான் சொன்னவை. நான் மட்டுமோ?"

"எல்லாரும் சொன்னவை. அம்மா கேட்டது உங்களை."

பாதிச் சாப்பாட்டோடே கோப்பையைக் கொண்டுபோய் சிங்கில் வைத்தார். தண்ணியைத் திறந்துவிட்டுக்கொண்டு முதுகைக் காட்டி நின்றார். அவள் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்து, "என்ன நடந்தது? அவர் பிழையாகச் சொன்னாரா?" என்று கேட்டாள். நான் இங்கிலீசில் சொன்னேன். எங்களுக்கும் இப்படித்தான் ஒவ்வொரு ஊராகப் போனது, ஒவ்வொரு ஊருக்கும் இந்தத் தந்திரக் கதையைத்தான் சொன்னார்கள், கடைசி வரைக்கும் ஒருவரும் உள்ளே விட்டு அடிக்கவில்லை. உன் அம்மாவை வரச் சொல்லு.

"நான் சொன்னால் கேட்கமாட்டார். நீங்கள் சொல்லுங்கள்," என்று சொல்லி, அங்கேயே நின்று நம்பரை அழுத்தினாள். நல்ல காலம், லைன் கிடைத்தது.

இவள் நடுவில் நின்று இரண்டு பக்கமும் மொழிபெயர்த்தாள். நான் யார் என்று சொன்னதும் தாய் என் சமையலைப் பற்றிக் கேட்டார். மகள் உறைப்பால் சாகிறாளாம். பிறகு நான் விஷயத்துக்கு வந்தேன். காணியை ஒருவரும் தலையில் தூக்கிக்கொண்டு போகமாட்டார்கள், அது அங்கேயேதான் கிடக்கும், வெளிக்கிடுங்கள் என்றேன். அந்தப் பக்கமிருந்து ஒரு கேள்வி வந்தது. இவள் அதை மொழிபெயர்க்கத் தயங்கினாள்.

"உங்கள் அம்மா வெளிக்கிட்டாரா என்று கேட்கிறார்."

"இல்லை," என்றேன்.

"ஏன் என்று கேட்கிறார்."

"நாங்கள் இருக்கச் சொன்னோம்."

சிங்கில் தண்ணி ஓடுகிற சத்தம் நின்றது.

"வீடு மிஞ்சினதா என்று கேட்கிறார்."

"வீடு இல்லை. காணி இருக்கு. அதுக்குள்ளை ஆமி காம்ப் போட்டிருக்கு. அம்மாவும் இல்லை."

தாய் அதன் பிறகு என்னோடு கதைக்கவில்லை. மகளிடம் என்னவோ கேட்டார். இவள் சிரித்தாள், பிறகு மேசையில் தலையைக் கவிழ்த்து அழுதாள். கோழிகளை யாரிடம் விடுவது என்று கேட்டாராம்.

ஆட்களை எடுக்க அடுத்து வந்த வானில் அந்தத் தாய் ஏறிவிட்டார். பிறகு போன் வேலை செய்யவில்லை. ரோட்டில் ஷெல் விழுகிறது என்று நியூஸில் காட்டினார்கள். இவள் சாப்பிடாமல் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த நாட்களில் எனக்குள் வந்த நினைப்பை யாரிடமும் சொன்னதில்லை. வராவிட்டால் இவளும் நானும் சரிசமம் என்று ஒரு நினைப்பு. சீ, நீயும் ஒரு மனுசியா என்று என்னையே ஏசினேன். சாமிப்படத்துக்கு முன்னால் போய் அந்த மனுசி வந்து சேரவேண்டும் என்று நேர்ந்தேன். இரண்டும் ஒரே நாளில் நடந்தது.

வந்து சேர்ந்தார். போலந்து வரைக்கும் ரயில், அங்கே பேப்பர்கள் சரிவரும் வரைக்கும் ஒரு முகாம், பிறகு கோச் பஸ். கோச் ஸ்டேஷனுக்கு இவர்தான் கார் ஓடினார். தலையில் துண்டு கட்டின குள்ளமான மனுசி, ஒரே ஒரு பையோடு இறங்கினார். மகளைக் கட்டிப்பிடித்த கையோடேயே தள்ளி நிறுத்தி, மேலும் கீழும் பார்த்து, பேசத் தொடங்கினார். மெலிந்துபோனாய் என்றுதான் பேசியிருப்பார். அவள் அழுதுகொண்டே கண்ணை உருட்டினாள். நான் அந்தப் பையை வாங்கிக்கொண்டேன். நான் சொல்லி வந்த மனுசி, எனக்காக வரவில்லை.

மகனின் அறையில் தாயும் மகளும் இருந்தார்கள். கிழமை ஒன்று போகவில்லை, தாய் என் அடுப்பைப் பிடித்துவிட்டார். என் சட்டிகளைத் தேய்த்து வெளுக்க வைத்தார். ஹீட்டர் போட்டால் சன்னலைத் திறந்தார், நான் ஓடிப்போய்ப் பூட்டினேன். மகளுக்குக் காலையில் எழும்பினதிலிருந்து ஏச்சு. ஒருநாள் இவள் என்னிடம் வந்து குசுகுசுத்தாள். "எனக்கு விசர் பிடிக்கப் போகிறது. சூப்பில் உப்பில்லை, குளிருக்குக் காலில் செருப்பில்லை, நான் ஏன் இன்னொரு கல்யாணம் கட்டவில்லை. ஒரு நாளாவது அம்மாவை எங்கேயாவது அனுப்பினால் நல்லது." என்னிடம் ஆறுதல் எதிர்பார்த்துத்தான் சொன்னாள். என் வாய் என்னைக் கேட்காமலே பதில் சொன்னது.

"அப்ப ஒரு நாளைக்கு எனக்குத் தா."

அவள் சிரித்தாள். நான் பகிடி விடுவதாக நினைத்தாள். சனிக்கிழமை அவளுக்கு ஹோட்டலில் ஷிப்ட் இருந்தது. நான் தாயின் கோட்டை எடுத்து நீட்டி, கடை என்று கையால் காட்டினேன். உடனே வெளிக்கிட்டுவிட்டார்.

தோர்ண்டன் ஹீத்தில் நாங்கள் வழக்கமாகப் போகிற மரக்கறிக் கடை. எங்களைக் காரில் கொண்டுவந்த என் மனுசன் ட்ரொலியைப் பிடித்துக்கொண்டு வந்தார். நான் கத்தரிக்காய் பொறுக்கிப் பைக்குள் போட, தாய் ஒவ்வொன்றாக எடுத்து அமத்திப் பார்த்து, பாதியைத் திரும்பக் கூடைக்குள் எறிந்தார். வேறு நல்லதாக எடுத்துப் போட்டார். எறிகிறபோது தன் பாஷையில் என்னை ஏசினார். இந்த வயதில் ஒரு காய் பார்த்து எடுக்கத் தெரியாதா என்றிருக்கும். நான் வேண்டுமென்றே இன்னொரு சொத்தையை எடுத்துப் பைக்குள் போட்டேன். அதற்கும் ஏச்சு விழுந்தது. மீன் பெட்டிப் பக்கம் குளிராக இருந்தது. என்னை நிறுத்தி, என் கோட்டின் மேல் பொத்தானைப் பூட்டிவிட்டு, கழுத்துத் துண்டை உள்ளே செருகிவிட்டார். நான் அசையாமல் நின்றேன்.

காசு கொடுக்கிற இடத்தில் நின்ற கடைக்காரர் எங்களைப் பல வருஷமாகத் தெரிந்தவர். கத்தரிக்காயைத் தராசில் வைத்துக்கொண்டு தாயைப் பார்த்தார்.

"ஆரக்கா இவ?"

வீட்டில் இருக்கிற பிள்ளையின் தாய் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். சொல்லவில்லை.

"அம்மா," என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார், தலைத்துண்டைப் பார்த்தார், "ஓம்" என்று சொல்லிவிட்டு அடுத்த பையைத் தூக்கித் தராசில் வைத்தார். பின்னால் ட்ரொலி நின்றுவிட்டது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

காருக்குள் தாயும் நானும் பின் சீட்டில் ஏறினோம். இவர் சாமானை எல்லாம் டிக்கியில் வைத்துவிட்டு வந்து முன்னால் இருந்தார். திறப்பைப் போட்டுவிட்டு, ஸ்டார்ட் பண்ணாமல், இரண்டு கையையும் ஸ்டியரிங்கில் வைத்துக்கொண்டிருந்தார். கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"இஞ்சாரும்," என்றார். "அண்டைக்கு நான் அந்தப் போனை உம்மட்டையிருந்து வாங்கியிருக்கக் கூடாது."

இத்தனை வருஷமாகக் காத்திருந்த வசனம். அது வந்த நேரம் எனக்கு அதைப் பிடித்துக்கொள்ளக் கை இல்லை. தாய் என் கையைத் தன் மடியில் வைத்து உரசிச் சூடாக்கிக்கொண்டிருந்தார்.

"காரை எடுங்கோ," என்றேன். "அம்மாவுக்குக் குளிருது."